அளந்த அரிசியில் ஒரு பிடி

உலைக்கு அரிசியை அளந்து முறத்தில் போட்டதும், களைவதற்கு முன் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனி டின்னில் போட்டு வைப்பது எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளின் வழக்கம். மாதக் கடைசியில் டின்னைச் சபைக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம். என் அம்மா இதோடு இன்னொன்றையும் சொல்லி அனுப்பியிருந்தாள். பிடியை வெறுமனே போடக் கூடாது. ஆண்டவரை இன்னும் அறியாத ஒரு வீட்டை நினைத்து, அந்த வீட்டாருக்காக ஒரு வார்த்தை ஜெபித்துவிட்டுத்தான் போட வேண்டும். ஒரு வீட்டைப் பிடித்தால் அதையே பிடித்துக்கொள்ள வேண்டும், வாரத்துக்கு ஒரு வீடு என்று தாவக் கூடாது.

நான் பிடித்த வீடு எங்கள் அடுத்த வீடு. ஒன்பது வருடம், காலையிலும் மாலையிலும், அந்த வீட்டு மதினியை நினைத்து ஒரு பிடி போட்டேன். அந்த ஒன்பது வருடத்தில் மதினியிடம் இதைப் பற்றி ஒழுங்காக ஒரு தடவைகூட வாய் திறக்கவில்லை. என்னைப் போல அரிசியை மட்டும் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை போகும் பஸ்ஸில் ஏறி, விலக்கில் இறங்கி, ஒன்றரை மைல் வண்டிப்பாதையில் நடந்தால் அந்த ஊர். எழுபதுகளின் தொடக்கத்தில் அங்கே பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. என் வீட்டுக்காரர் கோவில்பட்டியில் மில் வேலைக்குச் சைக்கிளில் போய் வந்தார். மகள் அப்போது கைக்குழந்தை. ஊரில் கிறிஸ்தவ வீடு எங்களுடையது ஒன்றுதான்.

மதினி வீட்டார் தலைமுறைகளாக அங்கே நிலம் வைத்திருக்கும் சம்சாரிகள். பருத்தி, கம்பு, உளுந்து எல்லாம் மழையை நம்பி. இரண்டு வீட்டுப் புறவாசலுக்கும் நடுவே இடுப்பளவு மண்சுவர். இருவரும் புறவாசலில்தான் அடுப்பு மூட்டுவோம். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர் என்பதால் நான் மதினி என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார். என் வீட்டில் என்ன கொதிக்கிறது என்பது அவருக்குத் தெரியும், அவர் வீட்டில் யார் யாரோடு பேசவில்லை என்பது எனக்குத் தெரியும். இரண்டு நாளைக்கு ஒரு தடவை சுவருக்கு மேலாக ஒரு கிண்ணம் வரும். அவித்த தட்டாம்பயறு, கம்மஞ்சோறு, சில நாள் ஒரு சுளகு நிறையக் கத்தரிக்காய். ஊரில் மற்றக் கிணறுகள் எல்லாம் உப்பு. மதினி வீட்டுத் தோட்டக் கிணறுதான் நல்ல தண்ணீர். அங்கே நான் தினமும் இரண்டு குடம் எடுத்துக்கொள்வேன். யாரும் ஏனென்று கேட்டதில்லை.

பேசவே முயலவில்லை என்று சொன்னால் அது பொய். இரண்டு தடவை முயன்றேன். முதல் தடவை, நற்செய்திக் கன்வென்ஷன் கூட்டத்தில் கிடைத்த ஒரு கைப்பிரதியைக் கொடுத்தேன். மதினிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரிந்தேதான் கொடுத்தேன். கொடுத்தாயிற்று என்று மனதுக்குச் சொல்லிக்கொள்ளலாம், நின்று பேச வேண்டியதில்லை. முன்பக்கத்தில் ஆண்டவர் படம் இருந்தது. மதினி அதைத் தன் வீட்டுச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஒட்டி, பொட்டும் வைத்திருந்தார். ஒரு வாரம் கழித்துச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்.

“ஒங்க சாமி ரொம்ப மெலிஞ்சிருக்காரே டீச்சர், வெரதமா?”

பதில் சொல்ல இதைவிட நல்ல வாசல் எனக்குத் திறந்திருக்காது. நான் சிரித்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு நேரமாயிற்று என்று உள்ளே போய்விட்டேன்.

இரண்டாவது தடவை, கிறிஸ்துமஸ் ஆராதனைக்குக் கோவில்பட்டிக்கு அழைத்துப் போனேன். மதினி பட்டுச்சேலை கட்டி, தலை நிறைய பூ வைத்து, கையில் ஒரு கூடையோடு வந்தார். கூடைக்குள் தேங்காய், பழம், வெற்றிலை. கோயிலுக்கு வெறுங்கையோடு போகிற குடும்பம் இல்லை அது. பாட்டு முடிந்து எல்லாரும் உட்கார்ந்ததும் என் காதோரம் குனிந்து, “இத யார்ட்ட குடுக்க?” என்று கேட்டார். அவருக்கு மெதுவாகப் பேச வராது. முன் வரிசையில் இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. கூடையை வாங்கி என் காலடியில் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் மதினி ஒரே ஒரு தடவை கேட்டார், சாமிக்குப் போகவில்லையா என்று. நாங்கள் அப்படி வைப்பதில்லை என்றேன். மறுநாள் தேங்காயைச் சுவருக்கு மேலாகத் திருப்பிக் கொடுத்தேன். அதைக் கையில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, சரி என்று உள்ளே போனார். அதற்குப் பிறகு நான்கு வருடம் நான் அவரை எங்கும் அழைக்கவில்லை. ஆண்டவருக்கென்று ஒருத்தி கொண்டுவந்ததைக் காலால் தள்ளியது நான்தான். முன் வரிசைப் பெண்களை எப்போதோ மறந்துவிட்டேன். என் காலை மறக்க முடியவில்லை.

அதன் பிறகு என்னிடம் காரணங்கள் நிறையச் சேர்ந்தன. டீச்சர் மதம் பேசுகிறார் என்று ஊர் சொன்னால் பள்ளிக்கூடத்தில் நிற்க முடியாது. இத்தனை நல்ல மனுஷியை ஏன் சங்கடப்படுத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை. அந்த இரண்டு குடம் தண்ணீர்.

மகள் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், ஐப்பசி மழையோடு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கழுகுமலையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். இறங்கிய காய்ச்சல் மூன்றாம் நாள் இரட்டிப்பாக ஏறியது. ஐந்தாம் நாள் காலையில் அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, “நீங்க யாரு?” என்று கேட்டாள்.

கஞ்சி வைக்கப் புறவாசலுக்கு வந்தேன். உழக்கால் அரிசியை அளந்து முறத்தில் போட்டேன். ஒன்பது வருடப் பழக்கம், கை தானாக ஒரு பிடியை அள்ளியது. மதினி சுவரைச் சுற்றி வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“போதும் டீச்சர். அளந்த அரிசியில எடுக்காதிய.”

ஏன் என்று கேட்டேன்.

“ஒம்பது வருசமா பாத்துக்கிட்டு இருக்கேன். தெனமும் அளக்குதிய, பொறவு இது கூடிப்போச்சுன்னு ஒரு பிடி திருப்பி எடுக்குதிய. ஒலைக்குன்னு அளந்தத திருப்பி எடுத்தா வீட்டுக்கு ஆகாது. எங்க வீட்டுல சின்னப் புள்ளைக்குக்கூட அது தெரியும். ரெண்டு பேரு சம்பளத்துல என்ன பத்தாக்கொறையோ, கேட்டா மனசு கஷ்டப்படுவியளேன்னு நானும் வாய மூடிக்கிட்டு இருந்தேன். இப்ப புள்ள கெடக்கால்லா. சொல்லாம இருந்தது என் தப்புதான்.”

அந்தக் கிண்ணங்கள் எல்லாம் ஏன் வந்தன என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. தட்டாம்பயறும் கம்மஞ்சோறும் கத்தரிக்காயும், அரிசி பற்றாத டீச்சர் வீட்டுக்கு வந்தவை. ஒன்பது வருடம் என்னைப் பற்றிக் கவலைப்பட்டு, கேட்கக் கூச்சப்பட்டு, ஊட்டியிருக்கிறார்.

இல்லை மதினி, இது சபைக்கு எடுத்து வைப்பது என்றேன். அவர் பிடியை விடவில்லை.

“சாமிக்குன்னா அளக்கதுக்கு முன்னாலல்லா எடுக்கணும். நாம திங்க அளந்ததுல பொறவு கிள்ளிக் குடுக்கதா சாமிக்கு?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. யாருக்காக எடுக்கிறீர்கள் என்று மெதுவாகக் கேட்டார். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக உண்மையைச் சொன்னேன்.

“உங்களுக்காக.”

“எனக்கா? எனக்கு என்ன கொறை?”

கேலியாகவும் கேட்டார், கொஞ்சம் சுள்ளென்றும் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே மகள் பிதற்றும் சத்தம் கேட்டது. இருவரும் ஓடினோம். கேள்வி அங்கேயே நின்றுவிட்டது.

அன்றே கோவில்பட்டிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று முடிவாயிற்று. இரவெல்லாம் பெய்த மழையில் வண்டிப்பாதை கரிசல் சேறாகிக் கிடந்தது. அந்த மண் நனைந்தால் சைக்கிள் பத்தடி உருளாது. மதினியின் வீட்டுக்காரர் அண்ணாச்சி வண்டி கட்டினார். சக்கரத்தில் சேறு அப்பி அப்பி இரண்டு மடங்கு பருமனாகிவிடும். அவர் இறங்கி மண்வெட்டியால் வழிப்பார், வண்டி நாலு சுற்று போகும், மறுபடியும் இறங்குவார். மதினி சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் தள்ளிக்கொண்டே வந்தார். ஒன்றரை மைல் போக இரண்டரை மணி நேரம் ஆயிற்று. பஸ்ஸில் ஏற்றும்போது மகளின் கன்னத்தைத் தட்டி, “ஏட்டி, தீபாவளிக்கு அதிரசம் சுடுதேன், வந்துரணும்” என்றார். மகள் கண் திறக்கவில்லை.

டைபாய்டு முற்றிவிட்டது என்றார்கள். இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். தீபாவளி அங்கேயே போயிற்று. அந்த நாட்களில் எனக்கு ஜெபம் பண்ண வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மகள் நெற்றியில் கை வைத்து உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான். நடுநடுவே மதினி சொன்னது காதில் விழும். அவருக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் இருந்தது தப்பு என்று அவர் நினைத்தார். அவர் நம்பியது எனக்குச் சரியாகப் படவில்லை, அது வேறு விஷயம். என் பிள்ளைக்கு ஆபத்து என்று வந்ததும், நான் கோபித்தாலும் பரவாயில்லை என்று வந்து கையைப் பிடித்துச் சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்ததை நான் தண்ணீருக்குப் பயந்து சொல்லவில்லை. எங்கள் இருவரில் அடுத்தவளை அதிகமாக நேசித்தது யார் என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்?

காய்ச்சல் இறங்கியது. முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்து, கை கால் குச்சியாகி, ஆனாலும் என்னை அம்மா என்று கூப்பிட்ட மகளோடு வீடு திரும்பினேன். வீட்டுக்காரருக்கு அத்தனை நாளும் சாப்பாடு மதினி வீட்டில்தான். எங்கள் புறவாசலைப் பெருக்கி, அடுப்பை மெழுகி வைத்திருந்தார். மறுநாள் காலையில் அரிசி எடுக்கப் போனபோது சபைக்கான டின் கனத்தது. மூடியைத் திறந்தேன். கீழே நான் விட்டுப்போன வெள்ளை அரிசி. அதற்கு மேல் பாதி டின்னுக்குப் பச்சையும் சாம்பலுமாகக் கம்பு.

சுவருக்கு அந்தப் பக்கம் மதினி கம்பு புடைத்துக்கொண்டிருந்தார். முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஒங்க முறை எனக்குத் தெரியாது. புள்ள பேரச் சொல்லி தெனமும் ஒரு பிடி போட்டேன். அளக்கதுக்கு முன்னாலதான்.”

அவரே தொடர்ந்தார்.

“அது கெடக்கட்டும். கேட்டதுக்குப் பதில் வரல. எனக்கு என்ன கொறைன்னு ஒம்பது வருசமா எடுத்திய?”

அன்று பள்ளிக்கூடத்துக்கு நேரமாயிற்று என்று நான் சொல்லவில்லை. சுவரைச் சுற்றிப் போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். நன்றாகப் பேசினேன் என்று சொல்ல முடியாது. வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் தடுமாறாத நாக்கு அன்று திக்கியது. உங்களுக்குக் குறை என்று இல்லை மதினி, என் குறையெல்லாம் தெரிந்தும் என்னைத் தள்ளாத ஒருவர் எனக்குக் கிடைத்திருக்கிறார், நமக்காக உயிரையே கொடுத்தவர், அவரை உங்களுக்கும் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்றேன். தேங்காயைப் பற்றியும் சொன்னேன். அன்று தள்ளியது ஆண்டவர் இல்லை, வெட்கப்பட்ட நான் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஆஸ்பத்திரியில் ஜெபம் வரவில்லை என்பதையும், அந்த நாட்களில் அவர் போட்ட கம்புதான் எங்கள் வீட்டு ஜெபமாக இருந்திருக்கிறது என்பதையும் சொன்னேன்.

மதினி முறத்தைக் கீழே வைத்தார்.

“இதச் சொல்லவா ஒம்பது வருசம்?”

பிறகு என்னை நன்றாகப் பார்த்துவிட்டு, “கெணத்துல எறங்க விடமாட்டேன்னு நெனச்சியளோ?” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் வாய்விட்டுச் சிரித்த சிரிப்பில் உள்ளே படுத்திருந்த மகள் என்னவென்று கேட்டாள்.

இதைப் படிக்கிறவர்கள், அன்றே மதினி மனம் திரும்பினார் என்று எதிர்பார்க்கலாம். அப்படி நடக்கவில்லை. இன்றைக்கும் கழுகுமலைத் தேருக்குக் குடும்பத்தோடு போகிறார். ஆனால் அன்றிலிருந்து பேச்சு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் சபையிலிருந்து திரும்பியதும், இன்றைக்கு என்ன கதை என்று சுவருக்கு மேலாகக் கேட்பார். நான் வாசித்துக் காட்டுவேன். எதையும் சும்மா ஏற்றுக்கொள்ள மாட்டார். விதைக்கிறவன் கதையைக் கேட்டுவிட்டு, வழியிலும் பாறையிலும் விதையை இறைத்தவன் சம்சாரியே இல்லை, வீட்டில் இருந்து தின்றவன் என்றார். எனக்குக் கோபம்கூட வந்தது. இரண்டு வாரம் கழித்து அவராகவே அதைப் பேச எடுத்தார். மழைக்கு முன்னாலேயே காய்ந்த புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறோமே, வெளியூர்க்காரன் பார்த்தால் நம்மையும் கிறுக்கு என்றுதான் சொல்வான் என்றார்.

சபையில் சிலர் என்னிடம், அந்த அம்மா ஞானஸ்நானம் எடுத்தாயிற்றா என்று கேட்பதுண்டு. முன்பெல்லாம் அந்தக் கேள்வி வந்தால் கூசுவேன். இப்போது, இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம் என்கிறேன். அதுவே எவ்வளவு பெரிய காரியம் என்பது ஒன்பது வருடம் பேசாமல் இருந்தவளுக்குத்தான் தெரியும். முளைக்க வைப்பது என் வேலை இல்லை என்று தெரிந்த பிறகு எனக்கு நாக்கும் திக்குவதில்லை. திக்கினாலும் மதினி எடுத்துக் கொடுத்துவிடுவார்.

பயம் மட்டும் என்னை விட்டு முழுக்கப் போகவில்லை. மகள் இப்போது பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஒரு வாரம் கடிதம் வராவிட்டால் சோறு இறங்காது. அவள் விடுமுறைக்கு வந்தால் கடந்து போகும்போதெல்லாம் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன், அவள் எரிச்சல்படுகிறாள். “நீங்க யாரு?” என்று அன்று கேட்டது எனக்குள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. பயம் போன பிறகு பேசலாம் என்று இருந்தால் நான் இன்றைக்கும் பேசியிருக்க மாட்டேன். கை நடுங்குகிறவர்களும் ஒரு பிடி போடலாம். பக்கத்தில் இருப்பவர் கேட்டால், ஏன் போடுகிறோம் என்று சொல்லவும் சொல்லலாம். இப்போது நான் அளப்பதற்கு முன்னால்தான் எடுக்கிறேன்.

போன மாதம் மதினி வீட்டுக்கு மருமகள் வந்தாள். கடம்பூர்ப் பக்கத்துப் பெண், வாய் ஓயாமல் கேள்வி கேட்கிறவள். காலையில் நான் அரிசிச் சாக்கிலிருந்து ஒரு பிடி எடுப்பதைச் சுவருக்கு மேலாகப் பார்த்துவிட்டு, மாமியாரிடம் என்னவோ முணுமுணுத்தாள்.

“இங்கனயே கேளேன் அவியட்ட,” என்றார் மதினி. “கேக்காம இருந்துராத. நான் ஒம்பது வருசம் கேக்காம இருந்து கெட்டேன்.”

நான் பதில் சொல்வதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார். கம்பு புடைத்துக்கொண்டே, போன ஞாயிறு நான் வாசித்த கதையை மருமகளுக்குச் சொன்னார். ஒரு அப்பனுக்கு இரண்டு மகன்கள். இளையவன் சொத்தைப் பிரித்துக்கொண்டு போய் அழித்துவிட்டு, கந்தலோடு திரும்பி வருகிறான். அப்பன் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து, கன்றை அடித்து விருந்து வைக்கிறார். காட்டில் உழுதுவிட்டு வந்த மூத்தவன், கோபத்தில் வீட்டுக்குள் வர மாட்டேன் என்று வெளியே நிற்கிறான். அப்பன் வெளியே வந்து அவனையும் அழைக்கிறார். இடையில் இரண்டு இடத்தில் மதினி கதையை மாற்றினார். கன்று எந்தப் பசுவுக்குப் பிறந்தது என்பதெல்லாம் நான் வாசித்ததில் இல்லை. நான் திருத்தவில்லை. கன்றை வளர்த்த மூத்தவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும் என்று போன ஞாயிறு என்னிடம் சண்டை போட்டவர், இன்று அதைச் சொல்லவில்லை.

மருமகள் கேட்டாள், “பொறவு அண்ணன்காரன் உள்ள போனானா அத்தே?”

மதினியின் கை முறத்தில் நின்றது. ஒரு கணம் என் பக்கம் பார்த்தார்.

“தெரியல. வாசல்லதான் நிக்கான்,” என்றார். “அப்பன் இன்னும் கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்காரு.”

நான் கையிலிருந்த பிடியை டின்னில் போட்டேன்.